இருபதுக்கு இருபது

ஓடைக்கரைப்பட்டி ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவ்வாய்க்கிழமை தவறாமல் கர்ப்பிணிகளுக்குச் செக்கப் நடக்கும். மழை பெய்தாலும் நடக்கும், ஊர்ப் பொங்கல் என்றாலும் நடக்கும். அந்தச் செவ்வாய் மட்டும் நடக்கவில்லை. கதவில் பூட்டுத் தொங்கியது. பூட்டுக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். "வாராந்திரப் பரிசோதனையின் அவசியம் குறித்துக் கர்ப்பிணித் தாய்மார்களுக்கு விழிப்புணர்வு ஊட்டும் முகாமில் பணியாளர்கள் அனைவரும் கலந்துகொள்வதால், இன்று வாராந்திரப் பரிசோதனை கிடையாது."

தமிழ்வாணி அதை இரண்டு தடவை படித்தாள். முதல் தடவை எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு படித்தாள். அப்போதும் அதையேதான் சொன்னது.

அவளுக்கு எட்டு மாதம், தலைப்பிள்ளை. இரண்டு நாளாகக் கால் வீங்கி அவளுடைய செருப்பு நுழையாமல், மாமியார் ஒச்சம்மாளின் செருப்பை மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். தலை பிளந்தது. கண்ணுக்கு முன்னால் பொடிப் பூச்சிகள் பறந்தன. நெஞ்சுக்குழியில் ஒரு வலி வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது. புருஷன் சிவபாண்டி கதிரறுக்கும் மிஷினோடு தஞ்சாவூர்ப் பக்கம் போயிருந்தான். செவ்வாய் வரட்டும், நர்சம்மாவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று ஞாயிறையும் திங்களையும் பல்லைக் கடித்துக் கழித்திருந்தாள்.

அந்த நேரத்தில் ஒரு வேன் வந்து நின்றது. பக்கவாட்டில் 'தாய்மை அறிவுச் சுடர்' என்று பேனர் கட்டியிருந்தது. டிரைவர் உக்கிரபாண்டி தலையை நீட்டினார்.

"ஏறுங்கத்தா. ஒம்பதரைக்குள்ள ஆளக் கொண்டாந்து எறக்கணும்னு சொல்லிட்டாக."

"அண்ணே, ஆஸ்பத்திரி பூட்டிக் கெடக்கே. நர்சம்மா எங்கண்ணே?"

"எல்லாரும் அங்கிட்டுத்தான் இருக்காக. டாக்டரு, நர்சு, கூட்டுற ஆளு மொதக்கொண்டு."

ஒச்சம்மாள் மருமகளின் கையைப் பிடித்தாள். "அப்ப அங்கேயே போயிருவோம்டி. நமக்கு வேண்டியது டாக்டருதான, கட்டடமா?"

நியாயமான பேச்சு. அன்றைக்கு நாள் முழுக்க யாரும் பேசிய நியாயமான பேச்சு அது ஒன்றுதான்.

முகாம் உசிலம்பட்டிக்கு வெளியே, பேரையூர் ரோட்டில் இருந்த ஒரு கல்யாண மண்டபத்தில். வாசலில் வரிசையாக மேசைகள். முதல் மேசையில் தாய் சேய் நல அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சாயங்காலம் பயிற்சி முடிந்து பின்தேர்வு எழுதினால்தான் திரும்பக் கிடைக்கும், இல்லாவிட்டால் பாதியில் ஓடிப் போய்விடுகிறார்களாம். அந்த அட்டை இல்லாமல் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நூறு கேள்வி கேட்பார்கள் என்று தமிழ்வாணிக்குத் தெரியும். இரண்டாவது மேசையில் கைரேகை வாங்கினார்கள். மூன்றாவதில் ஒரு பை கொடுத்தார்கள். உள்ளே பாடப் புத்தகம் ஒன்று, ரப்பர் வைத்த பென்சில் ஒன்று, 'நான் ஒரு விழிப்புணர்வுத் தாய்' என்று அச்சடித்த ரோஸ் கலர் தொப்பி ஒன்று.

நான்காவது மேசையில் கண்ணாடி வளையல். தமிழ்வாணியின் கை வீங்கியிருந்ததால் வளையல் மணிக்கட்டைத் தாண்டவில்லை.

"போட்டோவுல வளையல் தெரியணும்மா, அப்பத்தான் கவர்மெண்டு வெப்சைட் எடுத்துக்கும்" என்றார் அங்கே நின்ற அழகுபாண்டி. "சோப்புத் தண்ணி கொண்டாங்கப்பா."

சோப்புத் தண்ணீர் போட்டு ஏற்றினார்கள். இரண்டு உடைந்தன. மூன்று ஏறின. கை ஏன் இப்படி வீங்கியிருக்கிறது என்று அந்த மேசையில் இருந்த நான்கு பேரில் ஒருவரும் கேட்கவில்லை.

அழகுபாண்டி வட்டாரப் பயிற்சி ஒருங்கிணைப்பாளர். கழுத்தில் அட்டை, காதில் போன், கையில் பட்டியல். அவர் கெட்ட மனிதர் இல்லை. கெட்ட மனிதராக இருந்திருந்தால்கூடத் தேவலை, கெட்டவனுக்காவது எதிரே நிற்பது ஓர் ஆள் என்று தெரிந்திருக்கும். அழகுபாண்டிக்குக் கர்ப்பிணிகள் என்றால் இலக்கு. அன்றைக்கு இலக்கு நூற்றி அறுபது, வந்தது நூற்றி ஐம்பத்தெட்டு. அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒச்சம்மாளையும் இன்னொரு மாமியாரையும் கர்ப்பிணிகளாகச் சேர்த்துக்கொண்டார். ஒச்சம்மாளுக்கு ஐம்பத்தாறு வயது.

"எனக்கெதுக்குய்யா தொப்பி?"

"இன்னைக்கு ஒரு நாளைக்குத்தாம்மா. சாயங்காலம் கழட்டிக் குடுத்துருங்க."

உள்ளே போகும் வழியில் கிராம செவிலியர் கனகலட்சுமி தமிழ்வாணியைப் பார்த்துவிட்டார். பதினேழு வருஷமாகப் பிரசவம் பார்க்கிறவர். காலைப் பார்த்ததும் குனிந்து கணுக்காலுக்கு மேலே கட்டை விரலால் அமுக்கினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

"எம்புட்டு நாளா?"

"ரெண்டு நாளா சிஸ்டர். தலை பொளக்குது. கண்ணுல என்னமோ பறக்குது."

கனகலட்சுமியின் முகம் மாறிவிட்டது. "மொதல்ல பிரஷர் பாக்கணும். இங்கேயே இரு, மெஷின் எடுத்துட்டு வாரேன்."

மண்டபத்தில் பிரஷர் மெஷின் ஒன்றுக்கு மூன்றாக இருந்தது. மூன்றும் 'உங்கள் ரத்த அழுத்தத்தை அறிவீர்' என்ற அரங்கில், பட்டுத்துணி விரித்த மேசையில், சிவப்பு ரிப்பனுக்கு அந்தப் பக்கம் இருந்தன. கனகலட்சுமி ரிப்பனுக்குக் கீழே கையை நீட்டியபோது அழகுபாண்டி ஓடி வந்தார்.

"சிஸ்டர், சிஸ்டர். டைரக்டர் வந்து ரிப்பன் வெட்டணும். அதுக்கு முன்னால தொட்டா எனக்கு மெமோ வரும், உங்களுக்கும் வரும்."

"ஒரு பொண்ணுக்கு வீக்கமா இருக்கு சார். பாத்தே ஆகணும்."

"பாக்கலாம். யாரு வேணாம்னா? மொதல்ல நூத்தி அறுபது போட்டோவையும் சைட்ல ஏத்துங்க. ஒரு ஆளுக்கு ஒரு போட்டோ, முகம் தெரியணும், வயிறு தெரியணும், வளையல் தெரியணும். உள்ள டவர் எடுக்காது, மொட்டை மாடிக்குப் போயிருங்க."

கனகலட்சுமி மாடிப்படி ஏறும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

பத்து மணிக்கு முன்தேர்வு வைத்தார்கள். பாடம் நடத்துவதற்கு முன்னால் ஒன்றும் தெரியாது, நடத்திய பிறகு எல்லாம் தெரியும் என்று காட்டுவதற்கான பரீட்சை. இருபது கேள்விகள். தமிழ்வாணி பி.காம். படித்தவள். கண் மங்கினாலும் தாளைத் தள்ளிப் பிடித்து ஒவ்வொன்றாக டிக் அடித்தாள். ஏழாவது கேள்வி: 'கர்ப்ப காலத்தில் கை, கால், முகம் வீங்கி, தலைவலியும் இருந்தால் என்ன செய்ய வேண்டும்? அ) உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆ) ஓய்வெடுத்தால் சரியாகிவிடும். இ) கண்டுகொள்ளத் தேவையில்லை.' அவள் 'அ'வில் டிக் அடித்தாள்.

தாளை வாங்கிப் பார்த்த அழகுபாண்டி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, இதெல்லாம் ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

"யாரும் சொல்லல சார். எனக்கே அப்படித்தான் இருக்கு. டாக்டர்கிட்டக் காட்டத்தான வந்தேன்."

"காலையிலயே பதினெட்டு எடுத்துட்டா சாயங்காலம் எங்கம்மா ஏறுறது? காலையில தெரியக் கூடாது, சாயங்காலம் தெரியணும். நடுவுல நாங்க இருக்கோம்ல?" அவர் பென்சிலைத் திருப்பி ரப்பரால் அழித்தார். "இதுக்குத்தான் பேனா குடுக்காம பென்சில் குடுத்திருக்கோம். இந்தா, 'இ'ல போடு."

"சார், எனக்கு நெசமாவே கால் வீங்கிருக்கு சார்."

"அது பின்தேர்வுல வரும்மா."

அவள் 'இ'யில் போட்டாள். வீங்கிய காலோடு, வீங்கினால் கண்டுகொள்ளத் தேவையில்லை என்று தன் கையாலேயே டிக் அடித்துக் கொடுத்தாள். இன்னும் பதினான்கு விடைகளை அதே மாதிரி மாற்ற வைத்த பிறகு அவளுக்கு மதிப்பெண் மூன்று. அழகுபாண்டிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பதினொன்றரைக்குத் திட்ட இயக்குநர் டாக்டர் சூரியபிரகாஷ் வந்தார். மேளம் வாசித்தார்கள், சால்வை போர்த்தினார்கள், குத்துவிளக்கு ஏற்றினார்கள். மேடையில் அவரைச் சுற்றி ஆறு டாக்டர்கள். ஓடைக்கரைப்பட்டி டாக்டரும் அதில் ஒருவர். ஒச்சம்மாள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"அத்தே, முடியல அத்தே. பெரியாஸ்பத்திரிக்குப் போயிருவோமா?"

"ஏழு டாக்டரு ஒரே எடத்துல ஒக்காந்திருக்காக. இத விட்டுட்டு எங்கிட்டுடி போறது? அட்டை வேற அவுககிட்ட இருக்கு. கொஞ்சம் பொறுத்துக்க தாயி."

சூரியபிரகாஷ் மைக்கைப் பிடித்தார். ஐம்பது நிமிஷம் விடவில்லை.

"தாய்மார்களே, நம் நாட்டில் தாய்மார்கள் ஏன் சாகிறார்கள்? ரத்தப்போக்கு என்பார்கள். ரத்த அழுத்தம் என்பார்கள். தவறு. வாய் திறக்காததால் சாகிறார்கள். உங்களுக்கு வலித்தால் நீங்கள் சொல்வதில்லை. சொன்னால்தானே எங்களுக்குத் தெரியும்? ஒரு தாய் தன் அறிகுறியை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் போதும், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்வோம். மருந்து கொடுப்பது சுலபம். அதை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். அறிவு கொடுப்பதுதான் கஷ்டம். ஆகவே இந்த ஆண்டு மருந்தைக் குறைத்து அறிவைக் கூட்டியிருக்கிறோம்."

மேடையில் இருந்த ஆறு பேரும் கை தட்டினார்கள். பிறகு செயல்முறை விளக்கம் நடந்தது. மேடையில் ஒரு கட்டில் போட்டு, மெத்தை விரித்து, அழகுபாண்டி தன் வயிற்றில் ஒரு தலையணையைக் கட்டிக்கொண்டு இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்துக் காட்டினார். கர்ப்பிணிகள் மதியம் இப்படித்தான் இரண்டு மணி நேரம் படுக்க வேண்டும் என்று சூரியபிரகாஷ் விளக்கினார். நூற்றி ஐம்பத்தெட்டு கர்ப்பிணிகள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள். தமிழ்வாணிக்கு அந்தக் கட்டிலைப் பார்க்கப் பார்க்க அழுகை வந்தது.

"இப்போது ஒரு கேள்வி" என்றார் சூரியபிரகாஷ். "கர்ப்ப காலத்தின் அபாய அறிகுறிகள் என்னென்ன? தைரியமாக எழுந்து சொல்லுங்கள் பார்ப்போம்."

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. தமிழ்வாணி எழுந்தாள். விடை சொல்ல எழவில்லை. இதை விட்டால் அந்த டாக்டரிடம் பேச வேறு வழி இல்லை என்று தோன்றியதால் எழுந்தாள்.

"சார், எனக்கு ரெண்டு நாளா கால் வீங்குது. தலை பொளக்குது. கண்ணு முன்னாடி பூச்சி பறக்குது. நெஞ்சுக்குழியில வலிக்குது. என்னைக் கொஞ்சம் பாருங்க சார்."

சூரியபிரகாஷின் முகம் மலர்ந்தது.

"சபாஷ். நாலுக்கு நாலு. நான்கும் சரியான விடை. எல்லோரும் கை தட்டுங்கள்."

மண்டபமே கை தட்டியது. ரோஸ் தொப்பி போட்ட நூற்றி ஐம்பத்தேழு கர்ப்பிணிகள் தட்டினார்கள். ஆறு டாக்டர்கள் தட்டினார்கள். அதில் ஓடைக்கரைப்பட்டி டாக்டரும் தட்டினார். சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்த இரண்டு பேர் கரண்டியை வைத்துவிட்டுத் தட்டினார்கள்.

"கவனித்தீர்களா? 'கால் வீங்கும்' என்று சொல்லவில்லை, 'எனக்குக் கால் வீங்குது' என்றார். பாடத்தைத் தன் அனுபவமாகவே மாற்றிக்கொண்டு விட்டார். இதுதான் நம் திட்டத்தின் வெற்றி. மேலே வாம்மா, வீடியோவுக்காக இன்னொரு தடவை சொல்லு."

இரண்டு பேர் அவளை மேடைக்கு அழைத்துப் போனார்கள். அவள் இன்னொரு தடவை சொன்னாள். வெளிச்சம் போதவில்லை என்றார்கள். லைட்டைத் திருப்பி வைத்து மறுபடி சொல்லச் சொன்னார்கள். அந்த வெளிச்சம் அவள் கண்ணில் ஊசியாக இறங்கியது.

"கொஞ்சம் சிரிச்ச முகமா சொல்லும்மா" என்றார் அழகுபாண்டி.

"சார், இது படிச்சுச் சொல்றது இல்ல சார். நெசமாவே வலிக்குது."

"அந்த உணர்ச்சிதான் வேணும்" என்றார் சூரியபிரகாஷ். "அப்படியே சொல்லு."

மூன்றாவது தடவை சொல்லும்போது அவள் மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வீடியோ நன்றாக வந்தது.

மதியச் சாப்பாடு போட்டார்கள். 'உப்பைக் குறைப்போம்' என்று எழுதிய பதாகைக்குக் கீழே ஊறுகாயும் அப்பளமும் மோர் மிளகாயும் பரிமாறினார்கள். தமிழ்வாணிக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. ஒச்சம்மாள் ஓடைக்கரைப்பட்டி டாக்டரைத் தேடிப் பிடித்தாள். அவர் பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சார், எம் மருமகளுக்கு ஒடம்பு சொகமில்ல சார்."

"யாரு, மேடையில பேசுன பொண்ணா? பிரமாதமா பேசுச்சும்மா. நம்ம சென்டருக்கே பேரு."

"நெசமாவே அப்படித்தான் இருக்கு சார். ஒரு தடவ வந்து பாருங்க."

"நாளைக்கு ஓபிக்குக் கூட்டிட்டு வாங்க. இன்னைக்கு நான் டூட்டியில இல்ல, பயிற்சியில இருக்கேன்."

மூன்று மணிக்கு ரிப்பன் வெட்டினார்கள். சூரியபிரகாஷ் தன் கையையே நீட்டி முதல் ஆளாக அளந்துகொண்டார். நூற்றி இருபத்தாறுக்கு எண்பத்திரண்டு. அதற்கும் கை தட்டினார்கள். அவர் காரில் ஏறியதும் அழகுபாண்டி மெஷின்களைப் பெட்டியில் போட்டு மூட ஆரம்பித்தார். தமிழ்வாணி சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கே போய் நின்றாள்.

"சார், எனக்கு ஒரே ஒரு தடவ பாருங்க சார்."

"நாளைக்குத் திருவாதவூர் முகாமுக்கு இது போகணும்மா. அதுவும் இது விழிப்புணர்வு மெஷின். பாத்தா பதியணும், பதிஞ்சா மருந்து குடுக்கணும். இங்க ஏது மருந்து?" அவர் பெட்டியைப் பூட்டினார். "போய் பின்தேர்வு எழுதும்மா. ஒனக்குத்தான் இன்னைக்கு ஷீல்டு."

நாலு மணிக்குப் பின்தேர்வு. தாளில் எழுத்தே தெரியவில்லை. எந்தக் கட்டத்தில் எதை டிக் அடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. இருபதுக்கு இருபது போட்டார்கள். ஒச்சம்மாளுக்குப் பதினாறு. தமிழ்வாணியின் கையில் தங்கக் கலர் பூசிய ஒரு பிளாஸ்டிக் ஷீல்டும், 'சிறந்த விழிப்புணர்வுத் தாய்' என்ற சான்றிதழும் கொடுத்துப் படம் எடுத்தார்கள். அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒச்சம்மாளிடம் தொப்பியை ஞாபகமாக வாங்கிக்கொண்டார்கள்.

மொட்டை மாடியில் கனகலட்சுமி காலையிலிருந்து வெயிலில் நின்றுகொண்டிருந்தார். ஒரு போட்டோ ஏற்றினால் 'வளையல் தெளிவாக இல்லை' என்று சைட் திருப்பி அனுப்பும். மறுபடி ஏற்ற வேண்டும். இரண்டு தடவை கீழே இறங்கப் பார்த்தார். இரண்டு தடவையும் அழகுபாண்டி போன் போட்டு, ஐந்து மணிக்கு சைட் மூடிவிடும் என்றார். நூற்றி அறுபதாவது போட்டோ ஏறியதும் படி இறங்கி ஓடி வந்தார். வேன் போய்விட்டிருந்தது.

வேனில் முப்பத்தொரு பேர். ஊருக்குத் திரும்பும் விலக்கில் வண்டி ஒரு பள்ளத்தில் ஏறி இறங்கியபோது தமிழ்வாணியின் மடியில் இருந்த ஷீல்டு கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிகிறாள் என்றுதான் ஒச்சம்மாள் நினைத்தாள். அவள் குனியவில்லை. பற்கள் கிட்டி, கண் மேலே செருகி, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயோரம் நுரை தள்ளியது. வளையல்கள் கம்பியில் பட்டு உடைந்தன.

பயிற்சி பெற்ற ஒருத்தி புத்தகத்தைப் பிரித்து, வலிப்பு எத்தனையாம் பக்கம் என்று தேடினாள். இன்னொருத்தி, அது அடுத்த மாதப் பாடம் என்றாள். அந்த வேனில் பயிற்சி பெறாத ஒரே ஆள் டிரைவர் உக்கிரபாண்டி. அவர் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தார். வண்டியைத் திருப்பி, ஹாரனில் வைத்த கையை எடுக்காமல், உசிலம்பட்டி ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்.

அங்கே ஊசி போட்டார்கள். பிரஷர் இருநூற்றுக்கு மேல் இருந்தது. ஆம்புலன்சில் ஏற்றி மதுரைக்கு அனுப்பினார்கள். மதுரையில் உடனே ஆபரேஷன் செய்து தாயைப் பிழைக்க வைத்துவிட்டார்கள். பெண் பிள்ளை. ஒன்றே முக்கால் கிலோ. நாற்பது நிமிஷம் இருந்தது. தமிழ்வாணிக்கு நினைவு வந்தபோது மூன்று நாள் ஆகியிருந்தது. பிள்ளையை அதற்கு முன்னாலேயே சிவபாண்டி கொண்டுபோய்ப் புதைத்துவிட்டிருந்தான். அவள் அதன் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அவள் நினைவில்லாமல் கிடந்த புதன்கிழமை, திருவாதவூர் முகாமில் அவளுடைய வீடியோவைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினார்கள். அங்கேயும் கை தட்டினார்கள்.

இருபத்து மூன்றாம் நாள் காலையில் அழகுபாண்டி வீட்டுக்கு வந்தார். கூடவே கனகலட்சுமி. கனகலட்சுமி உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். சிவபாண்டி நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டுச் சுவரோரம் போய் உட்கார்ந்தான். அழகுபாண்டி உண்மையாகவே வருத்தப்பட்டார். இரண்டு தடவை உச்சுக் கொட்டினார். பிறகு பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார்.

"சிசு மரண ஆய்வுப் படிவம்மா. ஒரு மாசத்துக்குள்ள குடுக்கணும். நானே எல்லாத்தையும் நெரப்பிட்டேன், ஒங்களுக்குச் சிரமம் வேணாம்னு. நீங்க கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்."

"வாசிங்க சார்" என்றாள் தமிழ்வாணி.

அவர் வாசித்தார். தாயின் பெயர், வயது, படிப்பு. முன்தேர்வு மதிப்பெண் மூன்று. பின்தேர்வு மதிப்பெண் இருபதுக்கு இருபது. அபாய அறிகுறிகளைத் தாய் மேடையில் பிழையின்றிக் கூறியதற்கு வீடியோ ஆதாரம் இணைக்கப்பட்டுள்ளது.

"அடுத்ததுதான் முக்கியமான கேள்வி. தாமதம் யாரால்? மூணு கட்டம் குடுத்திருக்காங்க. தாய், குடும்பம், வாகனம். வாகனம் நம்ம திட்டத்து வண்டி, அதுல போட முடியாது. குடும்பம்னு போட்டா ஒங்க மாமியாருக்குக் கஷ்டம், அவங்களும் பதினாறு எடுத்தவங்க. அதனால தாய்னு போட்டிருக்கேன். காரணம்ங்கிற எடத்துல 'தாயின் அலட்சியம்'. ரெண்டையும் சும்மா பென்சில்லதான் குறிச்சிருக்கேன். நீங்க கையெழுத்துப் போட்டதும் ஆபீசுல மை போட்டுருவாங்க."

ஒச்சம்மாள் அடுப்படியிலிருந்து வந்தாள். "அலட்சியமா? யாருய்யா அலட்சியம்? சோறுகூட எறங்காம ஒங்க பின்னாலயே அலைஞ்சாளேய்யா."

"கோவப்படாதீகம்மா. ரிக்கார்டு என்ன சொல்லுதுன்னுதான் நான் பாக்க முடியும். காலையில மூணு மார்க், சரி, தெரியாதுன்னு விட்டுரலாம். நாலு மணிக்கு இருபது மார்க். அப்ப நாலு மணியிலருந்து எல்லாம் தெரியும். அஞ்சேகாலுக்கு வலிப்பு. நடுவுல ஒண்ணேகால் மணி நேரம் இருக்குல்ல?" அவர் தமிழ்வாணி பக்கம் திரும்பினார். "ஒங்களுக்கு அறிகுறி எல்லாம் தெரியும்தானம்மா?"

"தெரியும்."

"பெறகு ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?"

தமிழ்வாணி அவரை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் இப்போது பூச்சி எதுவும் பறக்கவில்லை. அவர் முகம் தெளிவாகத் தெரிந்தது. அதில் கேலி இல்லை, வஞ்சகம் இல்லை. அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"சொன்னேன் சார்" என்றாள். "மூணு தடவ சொன்னேன். நீங்கல்லாம் கை தட்டுனீங்க."

வாசலில் நின்ற கனகலட்சுமி உள்ளே வந்தார்.

"நான் காலை அமுக்கிப் பாத்தேன் சார். குழி விழுந்துச்சு. எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சே மாடியில நின்னு வளையல் போட்டோ ஏத்திக்கிட்டிருந்தேன். அத எழுதுங்க. எம் பேரப் போட்டு எழுதுங்க."

"அதுக்குக் கட்டம் இல்ல சிஸ்டர்" என்றார் அழகுபாண்டி.

தமிழ்வாணி எழுந்து உள்ளே போனாள். ஆபரேஷன் செய்த வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் நடந்தாள். திரும்பி வந்தபோது அவள் கையில் அந்த முகாமில் கொடுத்த பென்சிலும், சிவபாண்டியின் பேனாவும் இருந்தன. அழகுபாண்டியின் மடியிலிருந்து படிவத்தை எடுத்துத் தரையில் வைத்தாள். பென்சிலைத் திருப்பி ரப்பரால் 'தாயின் அலட்சியம்' என்பதை அழித்தாள். 'தாய்' என்ற கட்டத்தில் இருந்த டிக்கையும் அழித்தாள். தூசியை ஊதிவிட்டாள். பிறகு பேனாவைத் திறந்து, காரணம் என்ற இடத்தில் எழுதினாள்: 'வலிக்கிறது என்று சொன்னேன். கை தட்டினார்கள்.' கீழே கையெழுத்துப் போட்டாள். அழுத்தி எழுதியதில் மை தாளின் பின்பக்கம் வரை இறங்கியிருந்தது.

அழகுபாண்டி படிவத்தை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். விரலில் எச்சில் தொட்டு ஓரத்தில் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை.

"இத பென்சில்ல எழுதிருக்கக் கூடாதாம்மா?" என்றார்.